எத்தனை அடி தள்ளி நின்று எடுப்பீர்கள்? – ஃபிலிம் கேமரா கேள்வி பதில்

ஃபிலிம் கேமரா வைத்திருப்பவர்களும் வாங்க நினைப்பவர்களும் அனுப்பிய கேள்விகள் இந்த மாதம் குவிந்துவிட்டன. மும்பை வட்டாரத்தில் மாட்டுங்கா முதல் டோம்பிவிலி வரை எல்லோரும் ஏறக்குறைய ஒரே இடத்தில் வந்து நிற்கிறார்கள்: ரேஞ்ச்ஃபைண்டரா, எஸ்.எல்.ஆரா? கேமராவைக் கையில் வைத்துக்கொண்டே படிக்கும்படி பதில்களை எழுதியிருக்கிறோம்.

கே: அப்பா வைத்திருந்த பென்டாக்ஸ் கே1000 என்னிடம் இருக்கிறது. ஞாயிறு காலையில் மாட்டுங்கா பூக்கடைகளிலும் கிங்ஸ் சர்க்கிள் பக்கமும் படம் எடுப்பேன். "தெருவில் எடுக்க ரேஞ்ச்ஃபைண்டர்தான் சரி, இதை விற்றுவிட்டு அதை வாங்கு" என்று நண்பர் நச்சரிக்கிறார். நிஜமாகவே அவ்வளவு வித்தியாசமா? – மாட்டுங்கா வாசகர்

ப: விற்காதீர்கள். இதுவரை எடுத்ததில் உங்களுக்குப் பிடித்த படங்களை மேஜையில் பரப்பி, ஒவ்வொன்றிலும் ஆள் எத்தனை அடி தூரத்தில் இருந்தார் என்று பாருங்கள். எந்தக் கேமரா என்பதை முடிவு செய்வது அந்தத் தூரம்தான்.

உங்கள் கே1000 போன்ற எஸ்.எல்.ஆரில் லென்ஸுக்குப் பின்னால் 45 டிகிரி சாய்வில் ஒரு கண்ணாடி இருக்கிறது. லென்ஸ் பார்ப்பதையே அது மேலே உள்ள ஃபோகஸ் திரைக்கு அனுப்ப, பென்டாப்ரிசம் அதை நிமிர்த்தி உங்கள் கண்ணுக்குக் கொடுக்கிறது. ரேஞ்ச்ஃபைண்டரில் நீங்கள் லென்ஸ் வழியாகப் பார்ப்பதே இல்லை. தனி ஜன்னல் வழியாகப் பார்க்கிறீர்கள். நடுவில் உள்ள சின்னக் கட்டத்தில், சற்றுத் தள்ளியிருக்கும் இன்னொரு ஜன்னலின் பிம்பமும் சேர்ந்து இரட்டையாகத் தெரியும். வளையத்தைத் திருப்பி இரண்டையும் ஒன்றாக்கினால் ஃபோகஸ் ஆயிற்று.

இப்போது பூக்காரம்மா சரம் தொடுக்கும் கையை எடுக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். கே1000-இல் வரும் 50 மி.மீ. லென்ஸ் 45 செ.மீ. வரை நெருங்கும். அங்கே ஃபிரேமில் அடங்குவது சுமார் 25 செ.மீ. அகலம், 16 செ.மீ. உயரம்: இரண்டு கை, வாழைநார், விரலிடுக்கில் நிற்கும் நாலு மல்லிகை மொட்டு. யாஷிகா எலக்ட்ரோ 35 போன்ற ரேஞ்ச்ஃபைண்டர் 80 செ.மீ.க்குக் கிட்டே வராது. அங்கே 56-க்கு 38 செ.மீ. விழும். கையோடு மடியும் கூடையும் பலகையும் சேர்ந்து வந்துவிடும். வியூஃபைண்டர் ஜன்னல் லென்ஸுக்கு மேலேயும் பக்கவாட்டிலும் இருப்பதால் கிட்டத்தில் நீங்கள் பார்ப்பதும் ஃபிலிமில் விழுவதும் விலகும். இதுதான் பாரலாக்ஸ். நல்ல கேமராக்களில் ஃபோகஸ் வளையத்தோடு சேர்ந்து, ஜன்னலுக்குள் படத்தின் எல்லையைக் காட்டும் ஒளிக்கோட்டுச் சட்டமும் சாய்வாக நகர்ந்து இதைச் சரிக்கட்டும். ஆனால் சட்டம் நகர்ந்தாலும் சரியாவது படத்தின் எல்லை மட்டும்தான். முன்னால் இருக்கும் விரல் பின்னால் இருக்கும் மொட்டை மறைக்கிறதா என்பது லென்ஸ் இருக்கும் இடத்திலிருந்து பார்த்தால்தான் தெரியும். கிட்டத்து வேலைக்கு எஸ்.எல்.ஆரை விட்டால் வழியில்லை.

ஐந்தடியிலிருந்து பதின்மூன்று அடி வரை, அதாவது ஒன்றரை மீட்டர் முதல் நான்கு மீட்டர் வரை, நண்பர் சொல்வது சரி. கடைக்காரரும் வாங்குபவரும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். மூன்றாவது ஆள் கூடையோடு பக்கவாட்டிலிருந்து வருகிறார். ரேஞ்ச்ஃபைண்டரில் சட்டத்துக்கு வெளியேயும் பார்வை இருப்பதால் அவர் உள்ளே நுழையும் முன்பே உங்களுக்குத் தெரிந்துவிடும். ஷட்டர் திறக்கும் நேரத்தில் எஸ்.எல்.ஆரின் கண்ணாடி மேலே போய்ப் பார்வை இருண்டுவிடும். ரேஞ்ச்ஃபைண்டரில் அந்தக் கணமும் கண்ணில் இருக்கும், யார் கண்ணைச் சிமிட்டினார் என்பது உட்பட. கண்ணாடி அடிக்கும் அதிர்வு இல்லாததால், கே1000-இல் 1/30 நொடி வரை கை ஆடாமல் எடுப்பவர் லென்ஸுக்குள்ளேயே ஷட்டர் உள்ள ரேஞ்ச்ஃபைண்டரில் 1/15-க்கு இறங்கலாம். விடியற்காலை வெளிச்சத்தில் அந்த ஒரு ஸ்டாப் (இரு மடங்கு வெளிச்சம்) பெரிய விஷயம்.

லென்ஸைப் பொறுத்தும் கணக்கு மாறும். 28, 35 மி.மீ. லென்ஸ் போட்டால் எஸ்.எல்.ஆர். திரையில் எல்லாமே கூர்மையாக இருப்பதுபோலத் தோன்றும்; எங்கே நிறுத்துவது என்று கை தடுமாறும். ரேஞ்ச்ஃபைண்டரின் துல்லியம் லென்ஸைப் பொறுத்ததே அல்ல. இரண்டு ஜன்னல்களுக்கும் உள்ள இடைவெளியை வியூஃபைண்டரின் உருப்பெருக்கத்தால் பெருக்கினால் வருவதுதான் அதன் துல்லியம். 1954-இல் வந்த லைக்கா எம்3-இல் 68.5 மி.மீ. இடைவெளி, 0.91 பெருக்கம், ஆகச் சுமார் 62 மி.மீ. 1984-இல் வந்த எம்6-இல் பெருக்கம் 0.72 என்பதால் ஏறக்குறைய 50. அகல லென்ஸுக்கு இது தாராளம். லென்ஸ் நீள நீளத் தேவைப்படும் துல்லியம் ஏறுகிறது, இந்த எண் அப்படியே நிற்கிறது. அதனால்தான் லைக்கா எம் கேமராக்களின் சட்டங்கள் 135 மி.மீ.யோடு முடிகின்றன. எஸ்.எல்.ஆரில் லென்ஸ் நீண்டால் திரையில் பிம்பமும் பெரிதாவதால் ஃபோகஸ் எளிதாகிறது.

ஒன்று செய்யுங்கள். உங்கள் கே1000-க்கு ஒரு 35 மி.மீ. லென்ஸ் வாங்கி, அபெர்ச்சரை (வெளிச்சம் நுழையும் துளையை) எஃப் 8-இல் வைத்து, ஃபோகஸை 3 மீட்டரில் நிறுத்திவிடுங்கள். 1.9 மீட்டரிலிருந்து 7 மீட்டர் வரை கூர்மை கிடைக்கும். வளையத்தைத் தொடவே வேண்டாம். (இப்போது இருக்கும் 50 மி.மீ.யில் அதே எஃப் 8, 3 மீட்டருக்குக் கிடைப்பது 2.3 முதல் 4.2 வரைதான்.) நண்பர் சொல்லும் வசதியில் பாதி இதிலேயே வந்துவிடும். ரேஞ்ச்ஃபைண்டர் லேசாக இருக்கும் என்று சொன்னால் அதையும் அப்படியே ஏற்காதீர்கள். கேனனெட் கியூஎல்17 சுமார் 620 கிராம், எலக்ட்ரோ 35 சுமார் 750 கிராம். ஒலிம்பஸ் ஓஎம்-1 எஸ்.எல்.ஆரின் உடல், லென்ஸ் இல்லாமல், 510 கிராம்தான்.

கே: சோர் பஜாரில் யாஷிகா எலக்ட்ரோ 35 வாங்கினேன். தாராவி தொண்ணூறு அடி சாலைப் பொங்கல் விழாவில் எடுத்த கூட்டப் படங்கள் அருமை. ஆனால் வீட்டில் அம்மாவைக் கிட்டத்தில் எடுத்தால் முகம் மங்கி, பின்னால் உள்ள காலண்டர் தெளிவாக வருகிறது. லென்ஸ் கெட்டுவிட்டதா? – தாராவி வாசகர்

ப: லென்ஸ் நன்றாக இருக்கிறது என்பதைக் காலண்டரே சொல்கிறது. ரேஞ்ச்ஃபைண்டரின் அளவுதான் நழுவியிருக்கிறது.

வெயிலில் கேமரா எஃப் 8, 11 என்று வேலை செய்யும்போது சின்னப் பிழை கூர்மையின் ஆழத்துக்குள் மறைந்துவிடும். வீட்டுக்குள் எஃப் 1.7-இல் திறந்து ஒரு மீட்டரில் எடுத்தால் கூர்மை மொத்தமே 5 செ.மீ. மூக்கு நுனிக்கும் காதுக்கும் உள்ள தூரம்கூட இல்லை. அங்கே பிழை அம்பலமாகிறது.

சோதிக்கும் முறை: முதலில் தூரம். நரிமன் பாயின்ட் கடற்கரைச் சுவரில் நின்று, வளைகுடாவுக்கு அந்தப் பக்கம் மலபார் ஹில் கட்டடங்களைப் பாருங்கள். லென்ஸை எண்ணிலிக் (∞) குறிக்குத் திருப்பி முட்டவிடுங்கள். ஒரு கட்டடத்தின் செங்குத்து விளிம்பு நடுக்கட்டத்தில் ஒற்றைக் கோடாகத் தெரிய வேண்டும். பக்கவாட்டில் இரண்டாகத் தெரிந்தால் தூர அளவு தவறு. ஒன்று மேலேயும் ஒன்று கீழேயும் நின்றால் அது செங்குத்துப் பிழை. தூரத்தை மாற்றாது, ஆனால் கண்ணுக்கு எரிச்சல் தரும், ஃபோகஸ் மெதுவாகும்.

அடுத்தது கிட்டம். கேமராவை முக்காலியில் பொருத்தி, டேப்பால் சரியாக 1 மீட்டர் அளந்து, செய்தித்தாளை 45 டிகிரி சாய்த்து வையுங்கள். ஒரு வரியின் அடியில் சிவப்பு மையால் கோடு போட்டு, அதன்மேல் பிம்பங்களை ஒன்றாக்குங்கள். ஃபிலிம் இல்லாமல் பின்கதவைத் திறந்து, ஃபிலிம் ஓடும் தண்டவாளத்தின்மேல் பால்நிறச் செலோடேப்பை இழுத்து ஒட்டுங்கள். அபெர்ச்சரை முழுதும் திறந்து ஷட்டரை 'பி'யில் (பொத்தானை அழுத்தியிருக்கும்வரை திறந்திருக்கும் நிலை) வைத்துத் திறந்து பிடித்தால், டேப்பின்மேல் தலைகீழாகப் பிம்பம் விழும். உருப்பெருக்கிக் கண்ணாடியால் பாருங்கள். சிவப்புக் கோட்டு வரி கூர்மையாக இருந்தால் எல்லாம் சரி. அதற்குப் பின்னால் உள்ள வரி கூர்மையாக இருந்தால், உங்கள் அம்மாவின் படத்தில் நடந்தது இதுதான். டேப்பைக் கழற்றும்போது பசை தண்டவாளத்தில் தங்கக்கூடாது.

இதைச் செய்து பார்த்துவிட்டுப் பழுதுபார்ப்பவரிடம் போனால், "எண்ணிலியில் சரி, ஒரு மீட்டரில் பின்னால் போகிறது" என்று குறிப்பாகச் சொல்லலாம். எண்ணிலிக்கு ஒரு திருகு, கிட்டத்துக்கு வேறு சரிசெய்தல் என்பதால் அவருக்கு வேலை பாதி குறையும். சரிசெய்த பிறகு லோக்கல் ரயில் நெரிசலில் பையைக் கம்பியில் இடிக்க விடாதீர்கள். லென்ஸின் நகர்வை மேலே கடத்தும் நெம்புகோலும் சின்னக் கண்ணாடியும்தான் முதலில் அசையும்.

இன்னொன்று: எலக்ட்ரோவில் ஃபிலிமைச் சுற்றும்போது நெம்பின் கடைசியில் உள்ளே 'டக்' என்று ஒரு சத்தம் கேட்க வேண்டும். கேட்கவில்லை என்றால் உள்ளே உள்ள ரப்பர் பட்டை நைந்துவிட்டது, வெளிச்சக் கணக்கும் தப்பாகும். கேமராவைப் பிரிக்கும்போதே அதையும் மாற்றச் சொல்லுங்கள்.

கே: ஷண்முகானந்தா அரங்கில் கச்சேரி எடுக்க ஆசை. சத்தம் வராது என்பதால் ரேஞ்ச்ஃபைண்டர் வாங்கலாமா? – சயான் வாசகி

ப: சபாவிடம் முன்கூட்டியே அனுமதி வாங்குங்கள், ஃபிளாஷை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். மற்றதெல்லாம் பிறகு.

மேடையிலிருந்து 12 மீட்டரில் இருக்கை கிடைத்தது என்று வைத்துக்கொள்வோம். 45 மி.மீ. லென்ஸுள்ள ரேஞ்ச்ஃபைண்டரில் அங்கிருந்து 9.6 மீட்டர் அகலம் விழும். மேடை முழுதும் வரும். பாடகி நடுவில் கடுகுபோல உட்கார்ந்திருப்பார். எஸ்.எல்.ஆரில் 135 மி.மீ. போட்டால் 3.2 மீட்டர்: பாடகி, வயலின், மிருதங்கம் மூவரும் ஃபிரேமுக்குள் நிறைவாக அமர்வார்கள். அதனால் அரங்குக்குள் எஸ்.எல்.ஆர்.தான்.

சத்தத்துக்கு வழி தாளத்திலேயே இருக்கிறது. ஆலாபனையில் ஷட்டரைத் தொடவே கூடாது. தனி ஆவர்த்தனத்தில் மிருதங்கமும் கடமும் உச்சத்துக்குப் போகும்போதும், கைத்தட்டலின்போதும் எடுங்கள். ஐ.எஸ்.ஓ. (ஃபிலிமின் ஒளியுணர்வு எண்) 400 கறுப்பு வெள்ளை ஃபிலிமை 1600-ஆக வைத்து எடுத்து, டெவலப் செய்பவரிடம் இரண்டு ஸ்டாப் 'புஷ்' (கூடுதல் நேரம் டெவலப் செய்வது) என்று எழுதிக் கொடுங்கள். 135 மி.மீ.யை ஒற்றைக்கால் ஸ்டாண்டில் வைத்து 1/125-இல் எடுப்பது நல்லது. மேடையின் பின்திரை கறுப்பாக இருந்தால் சராசரி பார்க்கும் பழைய ஒளிமீட்டர் ஏமாந்துபோய் அதிக வெளிச்சம் கேட்கும்; முகம் வெள்ளைச் சுண்ணாம்பாகிவிடும். மீட்டர் சொல்வதிலிருந்து ஒன்றரை ஸ்டாப் குறையுங்கள்.

ஃபோகஸுக்கு மைக் ஸ்டாண்டைப் பிடியுங்கள். திரை நடுவில் உள்ள பிளவுப் பிம்பத்துக்கு (ஃபோகஸ் தவறினால் கோட்டை இரண்டாக வெட்டிக் காட்டும் வட்டம்) செங்குத்துக் கோடு வேண்டும், பாடகரின் முகத்தில் அது கிடைக்காது. 12 மீட்டரில் எஃப் 2.8-க்குக் கூர்மையின் ஆழம் ஒன்றேகால் மீட்டருக்கு மேல் என்பதால் மைக்கில் வைத்த ஃபோகஸ் முகத்துக்கும் போதும். எஃப் 5.6-இல் தொடங்கும் ஜூம் லென்ஸ் போட்டால் பிளவுப் பிம்பத்தின் ஒரு பாதி கறுத்துவிடும். அப்போது அதைச் சுற்றியுள்ள திரையைப் பார்த்துதான் ஃபோகஸ் செய்ய வேண்டும்.

ரேஞ்ச்ஃபைண்டருக்கும் இடம் உண்டு, அது மேடைக்குப் பின்னால். தம்பூரா சுதி சேர்க்கும் அறையில், இரண்டு மீட்டரில், 1/30-இல் எடுத்தால் யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள்.

கே: செம்பூர் சேடா நகர் முருகன் கோவிலில் உறவினர் கல்யாணம். நிக்கான் எஃப்எம்10 எஸ்.எல்.ஆர்., ஐ.எஸ்.ஓ. 400 ஃபிலிம், ஃபிளாஷ். மண்டபத்துக்குள் 1/250-இல் எடுத்தவற்றில் படத்தின் ஒரு பகுதி கறுப்பு. உச்சி வெயிலில் வாசலில் எடுத்தவை எல்லாம் வெளுத்துவிட்டன. என்ன தவறு? – செம்பூர் வாசகி

ப: இரண்டுக்கும் வேர் ஒன்றுதான். எஃப்எம்10-இல் ஃபிளாஷோடு பயன்படுத்தக்கூடிய அதிகபட்ச வேகம் 1/125. அதற்கு மேலே போனால் ஃபிலிம் முழுதும் ஒரே நேரத்தில் திறந்திருக்காது. ஷட்டர் திரைகளுக்கு இடையே ஒரு இடுக்கு மட்டும் ஓடும். ஃபிளாஷ் அடிக்கும்போது திரை மூடியிருந்த பகுதிதான் கறுப்பு. மண்டபத்துக்குள் 1/60 அல்லது 1/125-இல் எடுத்திருந்தால் போதும்.

வாசலில் 1/125-க்கு இறக்கியிருப்பீர்கள். உச்சி வெயிலுக்கு ஐ.எஸ்.ஓ. 400-இல் எஃப் 16-க்கு 1/500 வேண்டும். 1/125-இல் எஃப் 11 வைத்தால் மூன்று ஸ்டாப் அதிகம். வெளுக்காமல் என்ன செய்யும்? அடுத்தமுறை ஐ.எஸ்.ஓ. 100 ஃபிலிம் போட்டு 1/125, எஃப் 16 வையுங்கள். அல்லது மணமக்களை நிழலுக்கு அழைத்துப்போங்கள்.

வெயிலில் ஃபிளாஷ் என்றால் கேனனெட் கியூஎல்17 போன்ற, லென்ஸுக்குள் ஷட்டர் உள்ள ரேஞ்ச்ஃபைண்டர் நிஜமாகவே ஒரு படி மேல். நடுவிலிருந்து திறந்து மூடும் அந்த ஷட்டர் எல்லா வேகத்திலும் ஒரு கணமாவது முழுதும் திறக்கும், அதனால் 1/500-இலும் ஃபிளாஷ் சேரும். கணக்கு இப்படி: ஐ.எஸ்.ஓ. 100-க்கு 20 என்று எண் போட்ட சின்ன ஃபிளாஷ், ஐ.எஸ்.ஓ. 200 ஃபிலிமில் 28 ஆகும். 1/500, எஃப் 11 என்றால் 28-ஐ 11-ஆல் வகுக்க 2.5 மீட்டர். அந்தத் தூரத்தில் முழு ஃபிளாஷ். மூன்றரை மீட்டரில் நின்றால் ஒரு ஸ்டாப் குறைவாக விழும். கண்ணுக்கடியில் உள்ள நிழல் மட்டும் இளகும், வெயில் வெயிலாகவே இருக்கும். கல்யாணப் படத்துக்கு மூன்றரைதான் எங்கள் தேர்வு. எலக்ட்ரோ 35-இலும் இதே வகை ஷட்டர்தான், ஆனால் வளையத்தை ஃபிளாஷ் குறிக்குத் திருப்பினால் அது 1/30-இல் நின்றுவிடும். வெயிலில் அந்தக் குறியை நம்பாதீர்கள்.

கே: ஜொர்க்கி 4 ரேஞ்ச்ஃபைண்டர் வைத்திருக்கிறேன். எல்லாப் படத்திலும் ஒரே இடத்தில் மூன்று வெள்ளைப் புள்ளிகள். நடுவில் வேகச் சக்கரமும் இறுகிவிட்டது. – முலுண்ட் வாசகர்

ப: புள்ளிகள் ஷட்டர் துணியில் விழுந்த ஓட்டைகள். ரேஞ்ச்ஃபைண்டரில் லென்ஸுக்கும் துணிக்கும் நடுவே கண்ணாடி கிடையாது. மூடி இல்லாமல் கழுத்தில் தொங்கும்போது சூரியன் லென்ஸில் பட்டால், பூதக்கண்ணாடியில் காகிதம் எரிவதுபோலத் துணி எரியும். லென்ஸ் எண்ணிலியிலும் எஃப் 2-இலும் இருந்தால் சில நொடி போதும். எஸ்.எல்.ஆரில் கண்ணாடி குறுக்கே நிற்பதால் இந்த ஆபத்து மிகக் குறைவு. லென்ஸைக் கழற்றி, இருட்டறையில் முன்னாலிருந்து டார்ச் அடித்து, பின்கதவு வழியாகப் பாருங்கள். ஷட்டரைச் சுற்றிய நிலையிலும் சுற்றாத நிலையிலும் பார்த்தால்தான் இரண்டு திரைகளும் தெரியும். ஓட்டை ஊசிமுனை அளவென்றால், துணிக்கான கறுப்பு பெயின்டை ஒரு பல்குச்சியால் மெல்லியதாகத் தொட்டுவைக்கலாம். தடித்தால் துணி சுருளும்போது விறைத்து வேகம் மாறிவிடும். துணி எங்கும் வெடித்திருந்தால் திரையையே மாற்றுவதுதான் வழி. இனி வெளியே போகும்போது மூடியைப் போடுங்கள். ஆனால் ரேஞ்ச்ஃபைண்டரில் மூடி போட்டிருந்தாலும் வியூஃபைண்டர் பளிச்சென்றே தெரியும், ஒரு ரோல் முழுதும் கறுப்பாகவே எடுத்துவிட வாய்ப்புண்டு. மூடியைக் கையில் எடுத்த பிறகே கேமராவைக் கண்ணுக்குக் கொண்டுபோவது என்று பழகிக்கொள்ளுங்கள்.

வேகச் சக்கரத்துக்குக் காரணம் வேறு. இந்த ரஷ்யக் கேமராக்களில் ஃபிலிமைச் சுற்றிய பிறகுதான் வேகத்தை மாற்ற வேண்டும். சுற்றாமல் மாற்றினால் உள்ளே உள்ள ஊசி தப்பான இடத்தில் மாட்டிக்கொள்ளும். பலவந்தமாகத் திருப்பாமல் பழுதுபார்ப்பவரிடம் கொடுங்கள்.

கே: மூக்குக்கண்ணாடி போடுபவருக்கு எது வசதி? – நெருல் வாசகர்

ப: எஸ்.எல்.ஆர். 0.72 பெருக்கமுள்ள ரேஞ்ச்ஃபைண்டரில் 28 மி.மீ. சட்டத்தின் ஓரங்கள் கண்ணாடியோடு பார்த்தால் தெரியாது. 35, 50 சிரமமில்லை. நாற்பதைத் தாண்டியவர்கள் இரண்டிலும் தூரப்பார்வைக் கண்ணாடியோடு பாருங்கள், படிக்கும் கண்ணாடியோடு வேண்டாம். ஐபீஸின் (கண் வைத்துப் பார்க்கும் துளையின்) உலோக வளையத்தில் ரப்பர் வளையம் ஒட்டாவிட்டால் உங்கள் கண்ணாடியில் வட்டக்கீறல் விழும்.

கே: எலக்ட்ரோவில் மஞ்சள் ஃபில்டர் போட்டால் படம் இருட்டாகிறது. எஸ்.எல்.ஆரில் அதே ஃபில்டர் சரியாக வருகிறதே? – அந்தேரி வாசகர்

ப: எஸ்.எல்.ஆர். மீட்டர் லென்ஸ் வழியாக, அதாவது ஃபில்டர் வழியாகவே அளக்கிறது. எலக்ட்ரோவின் மீட்டர்க் கண் உடலின் முகப்பில் இருக்கிறது, ஃபில்டர் போட்டது அதற்குத் தெரியாது. மஞ்சளுக்கு ஒரு ஸ்டாப்: ஐ.எஸ்.ஓ. 400 ஃபிலிமென்றால் கேமராவின் ஐ.எஸ்.ஓ. எண்ணை 200-இல் வையுங்கள். அடர்சிவப்புக்கு மூன்று ஸ்டாப், 50. கேனனெட்டில் மீட்டர்க் கண் ஃபில்டர் வளையத்துக்குள்ளேயே இருப்பதால் மாற்ற வேண்டாம். போலரைசர் என்றால் ரேஞ்ச்ஃபைண்டரில் பொறுமை வேண்டும்: ஃபில்டரைக் கண்ணருகே பிடித்துத் திருப்பி, வானம் கறுக்கும் இடத்தில் விளிம்பின் உச்சியில் உள்ள குறியைப் பார்த்துக்கொண்டு, லென்ஸில் மாட்டிய பிறகும் அதே குறி உச்சியில் நிற்கும்படி வைக்க வேண்டும். அடிக்கடி போலரைசர் போடுபவர் எஸ்.எல்.ஆரோடு இருப்பது நல்லது.

கே: பழைய கேமராக்களுக்குப் பேட்டரி கிடைக்கவில்லையே? – தானே வாசகர்

ப: அந்தக் காலத்தில் போட்டவை பாதரசப் பேட்டரிகள், இப்போது தயாரிப்பதில்லை. கேனனெட்டுக்கும் ஓஎம்-1-க்கும் 1.35 வோல்ட் வேண்டும். 1.5 வோல்ட் ஆல்கலைன் போட்டால் மீட்டர் வெளிச்சத்தைக் கூட்டிச் சொல்லும், படம் இருட்டும். காது கேட்கும் கருவிக்கான 675 எண் ஜிங்க்-ஏர் பேட்டரி 1.4 வோல்ட், விளிம்பில் ரப்பர் வளையம் சுற்றிப் போடலாம். ஸ்டிக்கரை உரித்தால் ஓரிரு மாதம்தான் வரும். எலக்ட்ரோவுக்கு 5.6 வோல்ட்டுக்குப் பதில் 6 வோல்ட் 4எல்ஆர்44-ஐ அடாப்டரோடு போட்டால் பிரச்சினையில்லை. பேட்டரி இல்லாவிட்டால் எலக்ட்ரோ 1/500-இல் மட்டுமே ஓடும், கேனன் ஏஈ-1 ஓடவே ஓடாது. கே1000 ஓடும், மீட்டர் மட்டும் இருக்காது. கே1000-க்கு மீட்டர் சுவிட்ச் கிடையாது. லென்ஸ் மூடியைப் போட்டு வைத்தால் ஒரு எல்ஆர்44 நெடுநாள் வரும்.

கே: போன மழைக்காலத்தில் லென்ஸில் பூஞ்சை வந்துவிட்டது. எந்த வகைக் கேமரா தாங்கும்? – டோம்பிவிலி வாசகி

ப: ஜூன் முதல் செப்டம்பர் வரை மும்பைக் காற்றை எந்தக் கேமராவும் தாங்காது. ஈரப்பதம் 60 சதவீதத்தைத் தாண்டினால் பூஞ்சைக்குக் கொண்டாட்டம். 40-இலிருந்து 50-க்குள் வைத்திருங்கள். ரப்பர் விளிம்புள்ள 10 லிட்டர் பிளாஸ்டிக் டப்பா, 200 கிராம் சிலிக்கா ஜெல், உள்ளே ஒரு சின்ன ஈரப்பதமானி போதும். நீல ஜெல் இளஞ்சிவப்பானால் அவனில் 110 டிகிரியில் இரண்டு மணி நேரம் காய வைத்து, ஆறிய பிறகு திரும்பப் போடுங்கள். தோல் உறையோடு கேமராவை உள்ளே வைக்காதீர்கள், ஈரத்தைப் பிடித்துவைத்துப் பூஞ்சையை வளர்ப்பதே அந்த உறைதான்.

எஸ்.எல்.ஆர். லென்ஸைக் கழற்றி இருபுறமும் டார்ச் அடித்துப் பார்த்துவிடலாம். லென்ஸ் கழலாத ரேஞ்ச்ஃபைண்டரில் பின்கதவைத் திறந்து, ஷட்டரை 'பி'யில் பிடித்துப் பார்க்க வேண்டும். அதில் இன்னொரு நோவும் உண்டு: ஃபோகஸ் கட்டத்தைக் காட்டும் பாதி வெள்ளி பூசிய கண்ணாடியும் ஈரத்தில் மங்கும். இரட்டைப் பிம்பம் தெரியாமல் தடுமாறினால், வியூஃபைண்டரின் முன்ஜன்னலில் ஒரு துண்டு வண்ணக் கண்ணாடித்தாளை ஒட்டிப் பாருங்கள். காட்சி நிறம் மாறி, கட்டம் தனித்துத் தெரியும்.

கே: அப்பாவின் பையில் பிரிக்காத 'இந்து' ஃபிலிம் ரோல் இருந்தது. கேமராவைச் சோதிக்க அதையே போடலாமா? – பாண்டுப் வாசகர்

ப: வேண்டாம். 1960-இல் தொடங்கப்பட்ட ஊட்டி ஹிந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ் தயாரித்த அந்த ரோல் காலப்போக்கில் வேகம் குறைந்து புகைமூட்டமாகியிருக்கும். படம் மங்கினால் குற்றம் கேமராவிலா ஃபிலிமிலா என்று பிரிக்க முடியாது. சோதனைக்குப் புது ரோல் போடுங்கள். கேமரா சரி என்று தெரிந்த பிறகு, பத்து வருடத்துக்கு ஒரு ஸ்டாப் வீதம் வெளிச்சத்தைக் கூட்டி 'இந்து'வை எடுங்கள். ஏதாவது வந்தால் அது பொக்கிஷம்.

கே: கல்லூரியில் சேரும் மகளுக்கு முதல் ஃபிலிம் கேமரா வாங்க வேண்டும். கோட்டைப் பகுதி போரா பஜாரில் விசாரிக்கிறேன். எது, எப்படிப் பார்த்து வாங்குவது? – வாஷி வாசகர்

ப: கையால் இயங்கும் எஸ்.எல்.ஆர்.: கே1000 அல்லது எஃப்எம்10. அபெர்ச்சரை மூடினால் கூர்மை எவ்வளவு ஆழம் போகிறது என்பதை எஃப்எம்10-இன் முன்பார்வை நெம்பை அழுத்திக் கண்ணாலேயே பார்க்கலாம். ரேஞ்ச்ஃபைண்டரில் எல்லாமே எப்போதும் கூர்மையாகத் தெரிவதால், கற்கும் பருவத்தில் அந்தப் பாடம் தள்ளிப்போகும். எஃப்எம்10-ஐ நிக்கானுக்குச் செய்து கொடுத்தது ஜப்பானின் கோசினா. அதே அடிச்சட்டத்திலிருந்துதான் பெஸ்ஸா ஆர் என்ற ரேஞ்ச்ஃபைண்டரையும் அவர்கள் உருவாக்கினார்கள். மகள் ஏற்கெனவே மனிதர்களையே, பத்தடிக்குள் நின்றே எடுப்பவர் என்றால் மட்டும் கேனனெட்டைப் பாருங்கள்.

கடைக்கு ஒரு டார்ச், ஒரு பல்குச்சி, ஃபோன் கொண்டுபோங்கள். பின்கதவின் கீல் பக்கமும், எஸ்.எல்.ஆரில் கண்ணாடி மோதும் மேல்விளிம்பிலும் கறுப்பு ஸ்பாஞ்சு இருக்கும். பல்குச்சியால் தொட்டால் தாராகப் பிசுபிசுத்தால் மாற்ற வேண்டும். விலையைக் குறைக்கக் காரணம் அது, வாங்காமலிருக்கக் காரணம் அல்ல. வீட்டில் மாற்றும்போது கேமராவின் வாய் கீழே பார்க்கும்படி பிடித்து, துகள் வெளியே விழும்படி சுரண்டுங்கள். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் பசையைத் துடைத்து, ஒன்றரை மி.மீ. ஸ்பாஞ்சுப் பட்டை ஒட்டுங்கள். கண்ணாடியை மட்டும் துடைக்கவே கூடாது. பூச்சு முன்பக்கம் இருப்பதால் ஒரே துடைப்பில் போய்விடும்.

ஷட்டரை ஃபோனின் நொடிக்கு 240 ஃபிரேம் வீடியோவில் பின்பக்கமிருந்து எடுங்கள். 1 நொடி 240 ஃபிரேம், 1/15 என்றால் 16, 1/30 என்றால் 8 திறந்து தெரிய வேண்டும். 1/125-க்கு மேல் இது உதவாது. அதைச் சோதனை ரோல்தான் சொல்லும். அந்த ரோலில் ஒரே சுவரை, ஒரே வெயிலில், 1/1000 எஃப் 4, 1/500 எஃப் 5.6, 1/250 எஃப் 8, 1/125 எஃப் 11 என்று வரிசையாக எடுத்து நோட்டில் குறிக்கச் சொல்லுங்கள். நான்கும் ஒரே அடர்த்தியில் வந்தால் வேகங்கள் சரி. ஒரு பக்கம் மட்டும் இருண்டால் திரைகள் ஒன்றை ஒன்று துரத்திப் பிடிக்கின்றன. ஆரஞ்சுக் கீற்று விழுந்தால் ஸ்பாஞ்சில் ஓட்டை. டெவலப் செய்யக் கொடுக்கும் இடத்தில் நெகட்டிவை வெட்டாமல் முழுநீளமாகக் கேட்டு வாங்குங்கள். ஃபிரேம்களுக்கு இடையே இடைவெளி சீராக இருக்கிறதா, ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்கிறதா என்பது அதில்தான் தெரியும்.